வராதவர்களை எண்ணியவர்

ஆய்வுக்கு வந்த கல்வி அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்துகொண்டு, "இன்னைக்கு எத்தனை பேர் வந்திருக்காங்கம்மா?" என்று கேட்டார்.

"ஆறு பேரு வரல சார்" என்றார் பெரிய டீச்சர்.

"வந்தது எத்தனைன்னு கேட்டேன்."

"வந்ததுக ஒங்க கண்ணு முன்னாடி உக்காந்திருக்குதுக, எண்ணிக்கலாம். வராததுகதான ஒங்களுக்குத் தெரியாது? ரெண்டாங்கிளாஸ்ல ஒருத்திக்கு அம்மை. ஒட்டிக்கிரும்னு அவ தம்பியவும் வீட்டுல வச்சிருக்காக. நாலாங்கிளாஸ்காரன் ஒருத்தனுக்குத் தாத்தா செத்து இன்னைக்குப் பதினாறு. யூகேஜியில ரெண்டு, காதுகுத்துன்னு குலசாமி கோயிலுக்குப் போயிருக்குதுக. ஆறாவது ஆளு ஏன் வரலன்னு மட்டும் தெரியல. காபி வந்துரும் சார், குடிச்சுக்கிட்டு இருங்க. நான் போயி என்னன்னு பாத்துட்டு வந்துர்றேன்."

குடையை எடுத்துக்கொண்டு உண்மையாகவே போய்விட்டார். அந்த அலுவலரும் நானும் அரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். காபி ஆறிப்போய் ஏடு கட்டியது. "எப்பவுமே இவங்க இப்படித்தானா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் போகும்போது ஆய்வுக் குறிப்பில் நல்லதாக இரண்டு வரி எழுதிவிட்டுப் போனார்.

பெரிய டீச்சர் அந்தப் பள்ளியின் தாளாளர். தலைமை ஆசிரியையும் அவர்தான். கம்பம் ஊரின் மேற்கு ஓரத்தில், மெட்டு ரோடு மலையைப் பார்த்துத் திரும்பும் இடத்தில், வாடகைக் கட்டடம் ஒன்றில் எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்தினார். 1996-இல் பதினேழு பிள்ளைகளோடு ஆரம்பித்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நூற்றெண்பது பேர் இருந்தார்கள். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, நல்ல வேலை வரும்வரை என்று சொல்லிக்கொண்டு சேர்ந்தேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஆபீஸ் வேலை. "அது வர்ற வரைக்கும் இங்கன இருத்தா" என்றார் பெரிய டீச்சர். ஐந்து வருடம் இருந்தேன்.

அந்தப் பள்ளி எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஜீப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். விடிவதற்குள் ஜீப் ஏறிவிட வேண்டும். அதை விட்டால் அன்றைய கூலி போயிற்று. எந்தப் பள்ளியும் ஒன்பது மணிக்கு முன் திறப்பதில்லை. அதுவரை பிள்ளையை யாரிடம் விடுவது? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பெரிய டீச்சர் பள்ளியையே ஆரம்பித்தார். பள்ளிவாசலில் விடிகாலைப் பாங்கு சொல்லி முடியும்போது கேட்டைத் திறப்பார். மெட்டு ரோட்டில் வரும் ஜீப்புகள் பள்ளி வாசலில் ஒரு ஹாரன் அடித்து நிற்கும். தூங்குகிற பிள்ளையைத் தூக்குச்சட்டியோடு இறக்கிக் கொடுத்துவிட்டு, அம்மாக்கள் மலைக்குப் போய்விடுவார்கள். உள்ளே பாய் விரித்திருக்கும். ஏழு மணிக்கு ஆயாம்மா வந்து பிள்ளைகளை எழுப்பிப் பல் தேய்க்க வைத்துத் தலைசீவி விடுவார். அதுவரை பெரிய டீச்சர் மட்டும்தான்.

நாள் தவறாமல் அப்படி நடந்தது. நல்ல மழை நாளிலும் நடந்தது. அதனால் டிரைவர்கள் வண்டியை அணைப்பதுகூடக் கிடையாது. ஒரு ஹாரன், பின்கதவு, பிள்ளைகள், அடுத்த கியர். "பெரிய டீச்சர் இருப்பாக" என்பது எங்கள் பக்கத்தில் ஒரு செய்தி இல்லை. மலை இருக்கும் என்பது போல.

வராதவர்களை எண்ணுவது எங்கிருந்து அவருக்கு வந்தது என்று நான் கேட்டதில்லை. ஒன்பதே காலுக்கு எல்லா வகுப்பிலிருந்தும் சீட்டு வந்துவிட வேண்டும். வராதவர் பெயர் மட்டும். வந்தவர் எண்ணிக்கை தேவையில்லை. காரணம் தெரிந்த பெயரை அடித்துவிடுவார். மிச்சப் பெயருக்குப் பத்து மணிக்குள் யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். யாராவது என்றால் அவர்தான். அவர் போகாத நாளில் நான்.

"வந்தவுகள எண்ண ரிஜிஸ்டர் இருக்கு. வராதவுகள யாராச்சும் எண்ணணுமில்ல?" என்பார்.

ராணி என்று மூன்றாம் வகுப்பில் ஒருத்தி ஒரு வாரம் வரவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தால், அவள் அம்மா பாண்டியம்மா ராணியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறாள், கைக்குழந்தையைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம் என்றார்கள். பெரிய டீச்சர் அன்றே பத்து மணி ஜீப்பில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது, கையில் எலுமிச்சம்பழம். சாயங்காலம் திரும்பியபோது ஒரு பக்கம் ராணி, இன்னொரு பக்கம் தோளில் ஐந்து மாதக் குழந்தை.

"தோட்டத்துல விட்டாகளா டீச்சர்?" என்று கேட்டேன்.

"அந்த மேஸ்திரி என்னமோ மலையாளத்துல சத்தம் போட்டான். நானும் எனக்குத் தெரிஞ்ச மலையாளத்துல சத்தம் போட்டேன். கடைசியில 'ஆயிக்கோட்டே டீச்சரே', ஆகட்டும்னுட்டான். எனக்குத் தெரிஞ்ச மலையாளமே மொத்தம் நாலு வார்த்தைதான், அவனுக்குத் தெரியாதுல்ல?"

"பிள்ளைய எங்க வச்சுக்கிறது? நம்மகிட்ட எல்.கே.ஜி.தான இருக்கு?"

"ஒன் தலைக்கு மேல விட்டம் இருக்கா? பழைய சேலை ஒண்ணு எடுத்துட்டு வா."

ஆபீஸ் அறையில் தொட்டில் கட்டினோம். ஒன்றரை வருடம் நான் வலது கையால் டைப் அடித்தேன், இடது கையால் தொட்டிலை ஆட்டினேன். குழந்தையின் பெயர் சிந்து. என் பிரிண்டர் சத்தம் கேட்டால்தான் தூங்கும். பேப்பர் தீர்ந்த நாட்களில் வெறும் பிரிண்டரைப் போட்டு ஓடவிட்டிருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியதற்காகப் பெற்றோர்கள் வருடா வருடம் அவரிடம் சண்டை போடுவார்கள். "ஆறாவது ஆரம்பிங்க டீச்சர், இடம் நாங்க பாத்துத் தாரோம்" என்று திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் வந்து கேட்டார். அவர் மகள் அப்போது ஐந்தாவது.

"ஒங்க மக நேத்து என்ன கலரு ரிப்பன் கட்டி வந்தா?" என்று திருப்பிக் கேட்டார் பெரிய டீச்சர்.

அவருக்குத் தெரியவில்லை.

"பச்சை. வலது பக்கம் மட்டும். இடது பக்கம் வர்ற வழியில தொலச்சுட்டா. நூத்தியெம்பது தலை வரைக்கும் எனக்கு ரிப்பன் ஞாபகம் இருக்கும். அதுக்கு மேல பள்ளிக்கூடம் பெருத்துச்சுன்னா அது எனக்கு அடங்காதுய்யா."

வளராமல் இருப்பதற்கு அவ்வளவு நல்ல காரணத்தை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. பைபாஸ் பக்கம் மஞ்சள் வேன்களோடு பெரிய பள்ளி ஒன்று வந்தபோதும் அவர் பதறவில்லை. "வேனு ஏழரைக்குத்தான வரும். நம்ம ஆளுகளுக்கு அஞ்சரைக்கில்ல வேணும்" என்றார். உண்மைதான். வசதியான வீடுகளிலிருந்து முப்பது நாற்பது பேர் போனார்கள். ஜீப்புப் பிள்ளைகள் ஒருவர்கூடப் போகவில்லை. வகுப்புகள் நிற்காமல் நடந்ததற்கு அவர்கள்தான் காரணம்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மின்சாரம் படித்தவளுக்கு அது உறுத்தத்தான் செய்யும். வீட்டின் மொத்த இணைப்பையும் ஒரே ஃப்யூஸ் வழியாகக் கொண்டுபோனால், அது எரிகிற வரை எல்லாம் சரியாகவே இருக்கும். சேர்ந்த மூன்றாவது வருடம் ஒரு தாளில் தலைப்புப் போட்டு எழுதினேன்: பெரிய டீச்சர் வராவிட்டால். அவர் ஒருவரே செய்கிற, வேறு யாருக்கும் தெரியாத வேலைகள் பதினொன்று வந்தன. முதலாவது, அங்கீகாரம் புதுப்பிக்கும் கோப்பு. இரண்டாவது, எந்த ஜீப்பில் எந்தப் பிள்ளை என்கிற விவரம். அது தாளில் எங்கும் இல்லை, அவர் தலையில்தான் இருந்தது. நான்காவது, கேட் சாவி. அதற்குப் பக்கத்தில் 'ஒன்றே ஒன்று' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தேன்.

கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு வாசித்தார்.

"பன்னெண்டாவது ஒண்ண விட்டுட்டியே."

"என்ன டீச்சர்?"

"ஒன்னைய மாதிரி ஆளுக கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்றது."

நான் சிரிக்கவில்லை. அவர் தாளைக் கீழே வைத்தார். "நான் வராத நாளுன்னு ஒண்ண ஒன் மூளை எப்படித்தா நெனச்சுச்சு?" என்றார். கோபம் இல்லை. பறக்கிற மீனைப் பற்றிக் கேட்பது போல நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஊரில் யார் வராவிட்டாலும் ஒன்பதே காலுக்குக் கண்டுபிடித்துவிடுகிற மனுஷி, அந்தக் கணக்கில் தன்னைச் சேர்த்ததே இல்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். அதற்குப் பிறகு அது பள்ளியின் கேலியாகிவிட்டது. கோப்பில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் கூடத்திலிருந்து கத்துவார்: "ஏத்தா, ஒண்ணாம் நம்பரு முடிஞ்சிருச்சு!" காலையில் நான் உள்ளே நுழையும்போது, "நாலாம் நம்பரு இன்னைக்கும் வந்துருச்சு பாத்தியா" என்று சாவியை ஆட்டிக் காட்டுவார். ஆயாம்மாவுக்கு எண்கள் என்னவென்றே தெரியாது, ஆனாலும் சிரிப்பார்.

சர்க்கரை அவருக்கு எப்போது வந்தது என்று தெரியாது. கடைசி வருடம் காலில் ஒரு புண் ஆறாமலே இருந்தது. செருப்பு மாற்றினார். வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற வேலையை என்னிடம் அதிகமாகத் தந்தார். இரண்டு முறை, பேசிக்கொண்டிருக்கும்போதே வியர்த்துக் கொட்டி, மேசை டிராயரிலிருந்து சாக்லேட் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறந்தநாள் பிள்ளைகள் கொடுக்கிற சாக்லேட். "எனக்கென்னத்தா, நூத்தியெம்பது பிறந்தநாளு" என்றார். தனியாகத்தான் இருந்தார், பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. எங்கள் வீடு அதற்கு அடுத்த தெரு.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, என்னைக் கூப்பிட்டார். கண்ணாடிக்கு அடியிலிருந்த தாள் மேசைமேல் இருந்தது. மடிப்பில் கிழிந்திருந்தது. நான்காவது வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். தாளின்மேல் ஒரு புதுச் சாவி. பஜாரில் வெட்டியது, பல் ஓரமெல்லாம் இன்னும் பளபளவென்று இருந்தது.

"ஒன் தாளுல சொன்னது சரிதான்" என்றார். "இதை நீ வச்சுக்க. தெனமும் வர வேணாம். நான் ஒரு நாளு முடியாமக் கெடந்தா மட்டும். ரெண்டாம் நம்பரும் சொல்லித் தாரேன். எந்த ஜீப்புல எது வருதுன்னு எழுதிக்க."

நான் இரண்டு வருடம் கேட்டது. அதைக் கேட்டதற்காக இரண்டு வருடம் கேலியும் வாங்கியிருந்தேன். கையை நீட்டி எடுத்திருக்க வேண்டும். ஆனால் அன்று என் கைப்பையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கடிதம் இருந்தது. மோட்டார் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை. வந்து நான்கு நாளாகியும் அவரிடம் சொல்லவில்லை. சாவியை வாங்கிவிட்டால் சொல்ல முடியாது என்று தோன்றியது. வாங்காவிட்டால் இப்போதே சொல்ல வேண்டும்.

"திங்கக்கெழம வாங்கிக்கிறேன் டீச்சர்" என்றேன்.

"ஏன், சனி ஞாயிறு சாவி கனக்குமா?" என்றார். சிரித்தேன். அவரும் சிரித்தார்.

திங்கட்கிழமை கடிதத்தைக் காட்டினேன். முழுவதும் படித்தார். சம்பளம் எழுதியிருந்த வரியை இரண்டாவது முறையும் படித்தார். "நல்ல எடம்த்தா" என்றார். பிறகு, "எத்தனாந்தேதி?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"அதுவரைக்கும் சாவிய நான் வச்சுக்கிறேன் டீச்சர்."

"மூணு வாரத்துக்கு எதுக்கு? வேற யாரையாச்சும் பாக்குறேன்" என்று சொல்லி, டிராயரைத் திறந்து சாவியைச் சாக்லேட்டுகளுக்கு நடுவில் போட்டு மூடினார். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சித்திரம் பொய்.

வேற யாரும் இல்லை. அந்த மூன்று வாரத்தில் அவர் யாரையும் பார்க்கவும் இல்லை.

நான் கிளம்ப ஒன்பது நாள் இருந்தபோது, என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, பள்ளிவாசலில் தொழுதுவிட்டுத் திரும்பி வந்து, அடுப்படியில் அம்மாவிடம் பேசுவது படுக்கையில் எனக்குக் கேட்டது.

"பிள்ளைக எல்லாம் கேட்டுக்கு வெளியவே நிக்கிதுக. இன்னும் லைட்டும் எரியல."

"கரண்டு போயிருக்கும். அவுக உள்ள விளக்குப் பொருத்தப் போயிருப்பாக" என்றார் அம்மா.

"அதான் நானும் நெனச்சேன். டீ குடு."

எல்லாம் என் காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் போகவில்லை. அது எனக்குத் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. கோயம்புத்தூருக்கு எடுத்துப் போக வேண்டியவற்றை மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நம்பர் இனி என்னுடைய வேலை இல்லை என்று நினைத்தேன். பத்து நிமிடம் இருக்கும். பிறகுதான் எழுந்து ஓடினேன்.

அன்று ஐந்து ஜீப் வந்திருந்தது. முதல் ஜீப்பின் டிரைவர் வழக்கம்போல ஹாரன் அடித்து, பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போய்விட்டார். கேட் பூட்டியிருப்பது இருட்டில் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பெரிய டீச்சர் வந்துகொண்டிருப்பார் என்றுதான் நினைத்திருப்பார். இரண்டாவது ஜீப்காரர், முன்னால் வந்த பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து, டீச்சர் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். மூன்றாவதும் அப்படியே. கூட்டம் சேரச் சேர நம்பிக்கையும் கூடிக்கொண்டே போனது. என் அத்தாவைப் போல எத்தனையோ பேர் அந்த வழியாகத் தொழுகைக்கும் பால் வாங்கவும் போனார்கள். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை.

நான் கேட்டில் நிற்காமல் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கதவு உள்தாழ்ப்பாள். பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தேன். குளியலறை வாசலில் சேலை கட்டி, தலை சீவி, கையில் சாவிக்கொத்தோடு விழுந்து கிடந்தார். உடம்பு முழுக்க வேர்வை, சர்க்கரை இறங்கியிருந்தது. சர்க்கரை டப்பாவைத் தேடி நாக்கில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். யாரென்று புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

"ஏத்தா, நாலாம் நம்பரு" என்று சாவியைத் தூக்கப் பார்த்தார். கை வரவில்லை. "இருவத்தாறு. இன்னைக்கு இருவத்தாறு வரணும். ஓடு. எண்ணு."

பக்கத்து வீட்டு அம்மாவை அவரிடம் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். கேட்டைத் திறந்து எண்ணினேன். இருபத்தைந்து. திரும்ப எண்ணினேன். இருபத்தைந்து. வந்தவர்களை எண்ண எனக்குத் தெரிந்தது. வராதது யார் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு முகமாகப் பார்த்து எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிந்து இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாம் தேடினார்கள். வாய்க்கால் கரை முழுக்கப் பார்த்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. மெட்டு ரோட்டில், அடிவாரம் தாண்டி, திராட்சைத் தோட்டத்தில் பழம் அறுக்க வந்த பெண்கள் அவளைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு செருப்பு இல்லை. தூக்குச்சட்டி கையில் இருந்தது. "அம்மா ஜீப்பு இப்படித்தான் போச்சு" என்று சொல்லியிருக்கிறாள். ஐந்து வயது. கேட் திறக்கவில்லையென்றால் அம்மாவிடம் போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

பெரிய டீச்சரை அன்று மத்தியானமே ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலம் ஜீப்புகள் இறங்கின. சேதி மலைக்கு முன்னமே போயிருந்தது. சிந்துவின் அம்மா பாண்டியம்மா ஏலக்காய் வாசனையோடு ஆபீசுக்குள் வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் பிழைத்திருப்போம்.

"தொட்டில்லருந்து ஒங்ககிட்டதான டீச்சர் கெடந்துச்சு" என்றாள்.

"தப்பு என் மேலதான்த்தா. நான் வரல."

"ஒங்களத் தப்புச் சொல்லல. முடியாமக் கெடந்தீக. அது யாருக்கும் வாரதுதான." சிந்துவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எம் பிள்ள வரலன்னா நீங்க தேடி வந்தீக. மலைக்கே வந்தீக. நீங்க வரலன்னா நாங்க யாரத் தேடி வர்றது? அதச் சொல்லுங்க."

பெரிய டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. மேசை டிராயரையும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு, "யாரும் இல்லத்தா" என்றார். அவ்வளவு நேர்மையான பதிலை அந்த இடத்தில் வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளி அந்தப் பதிலோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றே கால் வருடம் மணி அடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நான் அந்த ஒன்பது நாளும் விடியலில் போய் அவரோடு கேட்டில் நின்றேன். ஜீப்புகள் நின்றன. ஆனால் டிரைவர்கள் வண்டியை அணைத்தார்கள். அம்மாக்கள் இறங்கி, கேட் திறந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினார்கள். யாரும் ஒரு வார்த்தையும் தப்பாகச் சொல்லவில்லை. பத்தாவது நாள் நான் பஸ் ஏறினேன்.

மிச்சம் எல்லாம் போனில் கேட்டது. ஜூனில் ஜீப்புப் பிள்ளைகள் ஒன்பதாகக் குறைந்தார்கள். தோட்டத்துக்குப் போகும் தெருக்களில் பெண்கள் நாலு பேர் சேர்ந்து, முறை வைத்து ஒருத்தி வேலைக்குப் போகாமல் நின்று எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துகொண்டார்களாம். ஏழரைக்கு மஞ்சள் வேன். எனக்கு அதைக் கேட்டதும், என் தாளில் நான் எழுதியிருக்க வேண்டிய விடை அதுதானே என்று தோன்றியது. நாலு சாவி. படிக்காத பெண்கள் ஒரு வாரத்தில் போட்டுவிட்டார்கள். மூன்று ஆசிரியைகள் நின்றுவிட்டார்கள். பெரிய டீச்சர் அவர்கள் வகுப்பையும் சேர்த்து எடுத்தார்.

2010 மே மாதம் மூடினார். மூடுகிறேன் என்று அறிவிக்கும் முன், மிச்சமிருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு பள்ளியில் இடம் கேட்டு, அந்தக் காலோடு, ஒவ்வொரு பள்ளியாகப் போயிருக்கிறார். பைபாஸ் பள்ளிக்கும் போயிருக்கிறார். எல்லாம் முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டார்.

"அம்புட்டும் சேந்துருச்சுகத்தா. ஒண்ணும் விட்டுப் போகல."

"நீங்க எப்படி இருக்கீக டீச்சர்?"

"எனக்கு இனிமே என்ன? யாரும் வராம இருக்கப் போறதில்ல" என்றார்.

அந்த ஆகஸ்டில் ஒரு வாரம் லீவில் ஊருக்கு வந்தேன். பள்ளிக் கட்டடத்தைத் திராட்சைப் பெட்டி அடுக்க வாடகைக்கு விட்டிருந்தார்கள். கேட்டில் வேறு பூட்டு. அதற்கு வெளியே, விடியலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பெரிய டீச்சர் உட்கார்ந்திருந்தார். தூக்கம் வருவதில்லை, அதனால் வந்து உட்காருகிறேன் என்றார். அத்தா தினமும் தொழுதுவிட்டு வரும் வழியில் அவர் எதிரில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வருவாராம். சும்மா நின்றுவிட்டு வருவாராம்.

ஐந்து நாளும் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு போய், தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியவற்றை வரிசையாகத் தயாரித்து வைத்திருந்தேன். சாவி. திங்கட்கிழமை. அந்தப் பத்து நிமிடம். ஒவ்வொரு நாளும் முதல் வார்த்தையை எடுக்கும்போது ஒரு ஜீப் வரும். பழக்கத்தில் ஒரு ஹாரன் அடிக்கும். யாரும் இறங்கமாட்டார்கள். பெரிய டீச்சர் கழுத்தை நீட்டி உள்ளே பார்ப்பார்.

"பதினொண்ணு. நேத்துப் பன்னெண்டு. அந்தப் பின் சீட்டு ஓரத்துக்காரி வரல. போன வாரமே இருமிக்கிட்டு இருந்தா" என்பார். அல்லது, "எல்லாரும் வந்துட்டாக" என்பார்.

ஐந்தாவது நாள் நானே பேச்சை ஆரம்பித்தேன். "டீச்சர், அன்னைக்கு அந்தச் சாவிய நான்..."

"டீ ஆறுது பாரு" என்றார்.

டீயைக் குடித்தோம். கடைசி ஜீப் மெட்டு ரோட்டில் ஏறி முதல் வளைவில் மறைந்தது. அவர் டம்ளரைக் கழுவி என்னிடம் கொடுத்தார்.

"லீவு எப்ப முடியுது?"

"திங்கக்கெழம போகணும் டீச்சர்."

தலையை ஆட்டினார். ரோட்டைப் பார்த்தார்.

"அப்ப திங்கக்கெழமையிலருந்து ஒண்ணு கொறையும்" என்றார்.